பொறி – 14: இரண்டாவது பிளக் யாருடையது?

இதுவரை: கல்கத்தா போய்த் தீக்குச்சித் தொழில் கற்றுத் திரும்பிய சிவகாசியின் அய்ய நாடார், சண்முக நாடார் இருவரிடம் 1923இல் தொடங்கியது நம் கதை. அந்த நெருப்பு சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று கரிசல் முழுக்கத் தீப்பெட்டி ஆபீஸ்களாகப் பரவியது. சென்ற வாரம் இரண்டாம் உலகப் போர்க்கால பெட்ரோல் பஞ்சம். திருக்குறுங்குடியில் பிறந்து மதுரையில் பஸ் முதலாளியான டி.வி. சுந்தரம் அய்யங்கார், கரியைப் புகைத்து வரும் வாயுவில் வண்டி ஓட்டும் கலனைச் செய்து விற்றதைப் பார்த்தோம். அந்தக் கலன்களுக்குப் போர் முடிந்ததும் வேலை போனது. ஆனால் அறுபது ஆண்டுக்கு மேல் கழித்து, அவர் குடும்பத்தின் கம்பெனி ஒன்று பொறியின் பெயரால் சென்னை உயர் நீதிமன்றப் படியேறியது.

மைலேஜ் சீமை

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலைக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். இரு பக்கமும் மானாவாரி நிலம். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் போடும் காடு. மழை முடிந்தால் தீப்பெட்டி ஆபீஸ் கூலி, இல்லாவிட்டால் வெளியூர்.

இங்கே பைக் என்பது உர மூட்டைக்கும் உண்டு, பள்ளிக்கூடத்துக்கும் உண்டு, ஆஸ்பத்திரிக்கும் உண்டு. அதனால் ஷோரூமில் கேட்கும் முதல் கேள்வி நிறமோ வேகமோ அல்ல. "லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சிலிண்டருக்குள் இருக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் நிமிடத்துக்கு 4,500 சுற்று சுற்றினால் உள்ளே 2,250 தடவை பெட்ரோல் பற்ற வேண்டும். கோவில்பட்டியில் கிளம்பி கழுகுமலைக்கு அரை மணியில் வந்து சேர்ந்தால், அறுபத்தேழாயிரம் தடவைக்கு மேல் பற்றியிருக்க வேண்டும். அதில் நூற்றுக்கு இரண்டு தவறினாலும் வண்டி உதறும், பெட்ரோல் எரியாமலே சைலன்சர் வழியாக வெளியேறும்.

1996லும் 2000லும் இறுகிய புகைக் கட்டுப்பாடுகள் டூ ஸ்ட்ரோக் வண்டிகளை ஓரங்கட்டின. நூறு, நூற்றிருபத்தைந்து சிசி ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் சந்தையைப் பிடித்தன. புகை குறைய வேண்டும், மைலேஜ் கூட வேண்டும், விலை ஏறக் கூடாது. மூன்றையும் சேர்த்துக் கேட்டபோது இந்திய இன்ஜினியர்கள் எல்லாரும் போய் முட்டிய சுவர் ஒன்றுதான்: மெலிந்த கலவை.

காற்று கூடினால் என்ன ஆகும்?

ஒரு பங்கு பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். அதற்கு மேல் காற்றைக் கூட்டினால் அது மெலிந்த கலவை.

இதில் லாபம் பல வழிகளில் வருகிறது. ஆக்ஸிஜன் தாராளமாக இருப்பதால் கார்பன் மோனாக்சைடு குறைகிறது. சுடரின் சூடு தணிவதால் சிலிண்டர் சுவர் வழியாக வீணாகும் வெப்பம் குறைகிறது. இன்னொன்று பலருக்குத் தெரியாதது. மெதுவாகப் போகும்போது திராட்டில் முக்கால்வாசி மூடியிருக்கும். அந்த இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சவே பிஸ்டன் தன் சக்தியில் ஒரு பங்கைச் செலவழிக்கும். காற்று அதிகமுள்ள கலவையில் அதே வேகத்துக்கு திராட்டிலைக் கூடுதலாகத் திறக்கலாம். உறிஞ்சும் பாடு மிச்சம்.

அப்படியானால் காற்றைக் கூட்டிக்கொண்டே போகலாமே?

கரிசல் காட்டு மெக்கானிக்கிடம் கேட்டால் கார்பரேட்டரைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார்: "காத்து கூடிப்போச்சு அண்ணாச்சி, மிஸ்ஸிங் அடிக்குது." கலவை பற்றாமல் தவறும் அந்த மிஸ்ஸிங்கில்தான் இந்த அத்தியாயத்தின் முழு வழக்கும் அடங்கியிருக்கிறது.

ஒன்றரை மில்லிநொடி

கலவையைப் பற்றவைப்பது ஸ்பார்க் பிளக். அதன் இரு முனைகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி. அதன்மேல் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் அழுத்தம் ஏறியதும் நடுவிலிருக்கும் வாயு மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகிறது. சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான ஓர் இழை பிறக்கிறது. அதைச் சுற்றி ஒரு சின்னஞ்சிறு சுடர்க்கரு.

அந்தக் கரு பிழைக்குமா சாகுமா என்பது அடுத்த சில கணங்களில் முடிவாகும். உள்ளே எரிபொருள் எரிந்து வெப்பம் வருகிறது. வெளியே குளிர்ந்த கலவையும் பிளக்கின் உலோகமும் வெப்பத்தை இழுக்கின்றன. வரவு செலவை மிஞ்சும் அளவுக்குக் கரு பெருத்துவிட்டால், பிறகு பொறியின் தயவு தேவையில்லை. சுடர் தானே பரவும். அந்த அளவை எட்டுவதற்கு முன் வெப்பம் கைமீறிப் போனால் அணைந்துவிடும். ஆடிக் காற்றில் தீக்குச்சி உரசுபவர் முதல் நொடியில் இரண்டு கையையும் குவித்துக் காப்பாற்றுவதும் இதே வரவு செலவுக் கணக்குக்காகத்தான்.

அசையாமல் நிற்கும் சரியளவுக் கலவையைப் பற்றவைக்க 0.2 மில்லிஜூல் அளவு சக்தி போதும். கலவை மெலிந்து, பிளக்கைக் கடந்து வேகமாக ஓடவும் செய்தால் 3 மில்லிஜூல் வரை வேண்டியிருக்கும். வண்டியின் பிளக் வழக்கமாகத் தருவது 30 முதல் 50 மில்லிஜூல்.

பத்து மடங்கு மிச்சம் இருக்கிறதே, பிறகு ஏன் மிஸ்ஸிங்?

சிலிண்டருக்குள் ஒரு சுற்று போல மறு சுற்று இருப்பதில்லை. போன சுற்றின் எரிந்த வாயு கொஞ்சம் உள்ளேயே தங்கியிருக்கும். பொறி பாயும் கணத்தில் பிளக் முனையில் இருக்கும் கலவை, சராசரியைவிட இன்னும் மெலிந்ததாக இருக்கலாம். காற்றோட்டம் கருவைத் தள்ளிக்கொண்டு போய்க் குளிர்ந்த சுவரில் ஒட்டலாம். பொறியின் சக்தியில் பெரும்பங்கு கலவைக்குப் போகாமல் உலோகத்துக்குப் போகலாம். இவையெல்லாம் ஒரே சுற்றில் சேர்ந்துவிட்டால் அந்தச் சுற்று வீண்.

பற்றிக்கொண்டாலும் தொல்லை தீரவில்லை. மெலிந்த கலவையில் சுடர் மெதுவாக நடக்கும். சரியளவுக் கலவையிலேயே, அது அசையாமல் இருந்தால், எரிமுகம் புதுக் கலவைக்குள் நுழையும் வேகம் நொடிக்கு அரை மீட்டர்கூட இல்லை. இன்ஜினோ 6,000 சுற்றில் ஓடும்போது, எரிதல் முழுவதும் ஒன்றரை மில்லிநொடி அளவுக்குள் முடிந்தாக வேண்டும். தாமதித்தால் பிஸ்டன் கீழே இறங்கிவிடும். அதன்பின் எரிவது பிஸ்டனைத் தள்ளாது, சைலன்சரைத்தான் சூடாக்கும். போர்க்காலக் கரிவாயு பஸ்கள் மேட்டில் திணறியதற்கும் இதில் பங்குண்டு.

ஆக, பிரச்சினை இரண்டு: பற்றுவது கடினம், பரவுவது தாமதம். தீர்வும் இரண்டு வழியில் வரலாம். கலவையைச் சுழற்றிக் கலக்கிவிட்டால் சுடர் வேகமாகப் பரவும். அல்லது ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் பற்றவைக்கலாம்.

இரண்டாவது வழிதான் நீதிமன்றத்துக்கு வந்தது.

பெரிய இன்ஜின்களின் பழைய வித்தை

பொறியின் குறைந்தபட்ச சக்தியை அளந்தவர்கள் முதலில் வண்டிக்காரர்கள் அல்ல. நிலக்கரிச் சுரங்கத்தில் மீத்தேன் வெடித்துத் தொழிலாளர்கள் சாவதைத் தடுக்க முயன்றவர்கள். அமெரிக்கச் சுரங்கத் துறையின் பெர்னார்ட் லூயிஸ், குந்தர் ஃபான் எல்பே குழுவினர் 1940களில் இந்த அளவீடுகளைச் செய்தனர். எந்தப் பொறி பற்றவைக்காது என்பது அவர்கள் தேடிய விடை. அதே கணக்கைத் திருப்பிப் படித்து, எந்தப் பொறி தவறாமல் பற்றவைக்கும் என்று கண்டுகொண்டது மோட்டார் உலகம்.

இரண்டு பிளக் அதற்கும் முந்தையது. ஆல்ஃபா ரோமியோவின் 1914ஆம் ஆண்டுப் பந்தயக் கார் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக். இரண்டாம் உலகப் போரின் ஸ்பிட்ஃபயர் விமானத்தை ஓட்டிய ரோல்ஸ் ராய்ஸ் மெர்லினுக்குப் பன்னிரண்டு சிலிண்டர், இருபத்து நான்கு பிளக். அதன் சிலிண்டர் விட்டம் 137 மில்லிமீட்டர். அவ்வளவு அகலத்தை ஒரு முனையிலிருந்து சுடர் கடப்பது நேரமாகும் வேலை. ஒரு பிளக் பழுதானாலும் விமானம் விழாமல் இருக்க இரண்டாவது வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

மெலிந்த கலவையின் சிக்கலுக்கு ஹோண்டா 1970களில் வேறொரு விடை கண்டது. சின்னதொரு முன்னறையில் செறிந்த கலவையைப் பற்றவைத்து, அங்கிருந்து பாயும் சுடரால் பெரிய அறையின் மெலிந்த கலவையை எரிப்பது. சிவிசிசி என்ற அந்த இன்ஜின், புகை வடிகட்டும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாமலே அமெரிக்காவின் புதிய புகை வரம்புக்குள் அடங்கியது.

ஆனால் உள்ளங்கையில் அடங்கும் பைக் சிலிண்டருக்கு இரண்டு பிளக்? ஐம்பது, அறுபது மில்லிமீட்டரைக் கடக்க ஒரு பிளக் போதாதா? இடமும் இல்லை, செலவும் கூடும் என்பதே அன்றைய பொது எண்ணம்.

2002 ஜூலை 16

அந்தத் தேதியைத் தாங்கிய விண்ணப்பம் ஒன்றை புனேயின் பஜாஜ் ஆட்டோ காப்புரிமை அலுவலகத்தில் பதிந்தது. ஃபோர் ஸ்ட்ரோக் முறையில் இயங்கும் மேம்பட்ட இன்ஜின் என்பது தலைப்பு. உள்ளே இருந்த கூறுகள் நான்கு.

சிலிண்டரின் விட்டம் 45 முதல் 70 மில்லிமீட்டருக்குள் இருக்கும். சிலிண்டருக்கு இரண்டு வால்வு. மெலிந்த கலவையைப் பற்றவைக்க, ஏறத்தாழ எதிரெதிரே அமைந்த இரண்டு பிளக். அவற்றில் ஒன்றாவது, ஆயில் படாமல் காக்கும் குழலுக்குள் பொருத்தப்பட்டிருக்கும்.

அந்தக் குழலில்தான் பட்டறை அனுபவம் தெரிகிறது. இரண்டு வால்வு ஹெட்டில் வால்வுகளே நடுவிடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. முதல் பிளக் ஓரத்துக்குப் போகிறது. இரண்டாவதை எதிர்ப்பக்கம் வைக்கலாம் என்றால் அங்கே வால்வுகளை இயக்கும் கேம் செயின் ஓடுகிறது, ஆயில் தெறிக்கிறது. ஆயில் பட்ட பிளக் பொறி தராது. குழல் போட்டால் பிளக் காய்ந்தே இருக்கும்.

எதிரெதிரே இரண்டு பொறி பாய்ந்தால் ஒவ்வொரு சுடரும் பாதித் தூரம் நடந்தால் போதும். ஒரு கரு அணைந்தாலும் மற்றது பிழைக்கும். மெலிந்த கலவையின் இரண்டு வியாதிக்கும் ஒரே மருந்து.

2003இல் இந்த இன்ஜின் டிடிஎஸ்-ஐ என்ற பெயரோடு பஜாஜின் பல்சர் பைக்கில் சாலைக்கு வந்தது. 2005 ஜூலை 7 அன்று காப்புரிமையும் கிடைத்தது. எண் 195904. அதற்குள் இரட்டை பிளக் என்றால் பல்சர் என்று ஊரெல்லாம் பதிந்துவிட்டது.

2007 ஆகஸ்ட் 30

சுசூகியுடனான கூட்டு 2001இல் முறிந்த பிறகு, சுந்தரம் அய்யங்கார் குடும்பத்தின் கம்பெனியான ஓசூரின் டிவிஎஸ் மோட்டார் தன் சொந்த வடிவமைப்பில் விக்டர் பைக்கைச் செய்து கால் ஊன்றியிருந்தது. அடுத்த அடி 125 சிசி. அந்த நாளில் அது உலகுக்குக் காட்டிய வண்டியின் பெயர் ஃபிளேம்.

இன்ஜின் மெலிந்த கலவையில் ஓடுவது. சிலிண்டர் விட்டம் 54.5 மில்லிமீட்டர். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரிலுள்ள ஏவிஎல் நிறுவனத்தின் தொழில்நுட்பம். இரண்டு காற்று வால்வு, ஒரு புகை வால்வு, ஆக மூன்று. உள்ளே வரும் கலவையைச் சுழலவிட்டு எரிதலை விரைவாக்குவது ஏவிஎல்லின் வழி.

கூடவே இரண்டு பிளக்.

அதாவது சுழற்சி, இரட்டைப் பொறி என்ற இரண்டு மருந்தும் ஒரே இன்ஜினில். பஜாஜ் அதில் கண்டது தன் மருந்தை மட்டும்தான். தன் காப்புரிமை மீறப்படுகிறது என்று செப்டம்பர் முதல் நாள்களிலேயே பகிரங்கமாக அறிவித்தது.

டிவிஎஸ்ஸும் சும்மா இருக்கவில்லை. வண்டியைக் காட்டுவதற்குச் சில நாள் முன்னரே, பஜாஜின் காப்புரிமையை ரத்து செய்யக் கோரி சென்னையிலிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தை அணுகியிருந்தது. இப்போது சென்னை உயர் நீதிமன்றத்தில் முதல் வழக்கையும் அதுவே போட்டது: பஜாஜ் விடுப்பது ஆதாரமற்ற மிரட்டல், காப்புரிமைச் சட்டத்தின் 106ஆவது பிரிவின்படி அதைத் தடுக்க வேண்டும். ஆண்டு முடிவதற்குள் பஜாஜ் எதிர் வழக்கோடு வந்தது: டிவிஎஸ் செய்வது உரிமை மீறல், ஃபிளேமைத் தடுக்க வேண்டும்.

வெளிநாட்டுக் கம்பெனியும் உள்நாட்டுக் கம்பெனியும் மோதும் காப்புரிமை வழக்குகள் இந்தியாவுக்குப் பழக்கம், அதுவும் பெரும்பாலும் மருந்துத் துறையில். இரண்டு இந்தியக் கம்பெனிகள் ஓர் இன்ஜினின் எரிதல் முறைக்காக மோதியது அரிது.

நீதிமன்றத்தில் ஒரு சுடர்

டிவிஎஸ் தரப்பு வரலாற்றை எடுத்து வைத்தது. இரண்டு பிளக் பழைய சங்கதி, உலகறிந்தது. ஹோண்டா இதைப்போன்ற அமைப்புக்கு 1980களிலேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியிருக்கிறது. தெரிந்த ஒன்றைச் சின்ன சிலிண்டருக்கு மாற்றி வைப்பது கண்டுபிடிப்பா? தவிர, பஜாஜ் எழுதிக் கொடுத்தது இரண்டு வால்வு. எங்களுடையது மூன்று.

பஜாஜ் தரப்பு இயற்பியலை எடுத்து வைத்தது. பெரிய சிலிண்டரில் இரண்டு பிளக் வைத்தவர்கள் எல்லாரும் இருந்தும், சின்ன சிலிண்டரில் மெலிந்த கலவையை எரிக்க அது உதவும் என்று யாரும் நினைக்கவில்லை. நாங்கள் நினைத்தோம், செய்தோம், விற்றோம். வால்வு இரண்டா மூன்றா என்பது காற்று வந்து போகும் வழி. கண்டுபிடிப்பின் சாரம் பற்றவைக்கும் விதத்தில் இருக்கிறது.

இரண்டு வாதத்திலும் உண்மை இருந்தது என்பதே இந்த வழக்கின் சிக்கல். மெர்லினில் வேலை செய்தது பல்சரில் தானாக வேலை செய்துவிடாது. ஆயில் தெறிக்கும் மூலையில் பிளக்கைக் காய்ந்து வைத்திருக்க ஒருவர் மண்டையை உடைத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதே சமயம் வால்வு என்பது வெறும் வாசலும் அல்ல. மூன்றாவது வால்வு வந்ததும் உள்ளே சுழற்சி மாறுகிறது, பிளக்குகளின் இடம் மாறுகிறது, சுடர் நடக்கும் பாதை மாறுகிறது.

2008 பிப்ரவரி 16

தனி நீதிபதியின் உத்தரவு அன்று வந்தது. வழக்கின் இறுதித் தீர்ப்பு அல்ல. விசாரணை முடியும்வரை என்ன செய்வது என்பதற்கான இடைக்கால ஆணை. முதற்பார்வையில் பஜாஜ் பக்கம் வலு இருக்கிறது என்று அவர் கண்டார். 195904 எண் காப்புரிமையை மீறும் இரட்டை பிளக் இன்ஜினோடு டிவிஎஸ் வண்டி விற்கத் தடை விதித்தார்.

ஓசூரில் இருந்த கேள்வி இப்போது சட்டக் கேள்வி அல்ல. இன்ஜின் தயார், பெயர் தயார், விளம்பரம் தயார். போட்டிக்கு பஜாஜின் 125 சிசி எக்ஸ்சிடி ஏற்கெனவே கடைக்கு வந்துவிட்டது. காத்திருப்பதா, மாற்றுவதா?

டிவிஎஸ் மாற்றியது. இரண்டாவது பிளக்கை எடுத்துவிட்டு, ஒற்றை பிளக் ஃபிளேமை அதே 2008இல் விற்பனைக்கு விட்டது. இரட்டைப் பொறி போன பிறகு, மெலிந்த கலவையை எரிக்கும் பாரம் முழுவதும் மூன்று வால்வின் சுழற்சிமேல் விழுந்தது. வண்டி ஓடியது.

கோவில்பட்டிச் சாலைக்கு அந்த வண்டிகள் வந்தபோது, அவற்றின் ஹெட்டில் ஒரு பிளக் குறைந்திருப்பதற்குக் காரணம் ஒரு நீதிமன்ற உத்தரவு என்பது ஓட்டியவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

டிவிஎஸ் விடவில்லை. உத்தரவை எதிர்த்து அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வில் மேல்முறையீடு செய்தது. பதினைந்து மாதம் கழித்து, 2009 மே 18 அன்று அங்கே பதில் வந்தது. அதன்பின் வழக்கு டெல்லிக்குப் போய், பொறிகளைப் பற்றி மட்டுமல்லாமல் இந்தியக் காப்புரிமை வழக்குகள் எல்லாவற்றையும் பற்றி உச்ச நீதிமன்றம் பேசும்படி ஆனது.

அங்கெல்லாம் அலசப்பட்ட கேள்வியை வாசகர்களிடமே ஒரு வாரத்துக்கு விட்டுவைக்கலாம். இரண்டு வால்வு என்று தன் கையால் எழுதிக்கொடுத்தவர், மூன்று வால்வு இன்ஜினில் பாயும் பொறிக்கும் உரிமை கொண்டாட முடியுமா?

(தொடரும்)